ஷேடோலேண்ட்ஸ் மறுமைக் கதை

கவனிக்க: இக்கட்டுரையில் கதையின் முடிவு வரை விவரிக்கப்பட்டுள்ளது. ஆட்டத்தை இனிமேல் ஆட எண்ணுவோர் முதல் இரு பகுதிகளுடன் நிறுத்திக்கொள்ளலாம்.

ஷேடோலேண்ட்ஸ் மறுமைக் கதை என்பது வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்னும் இணையவழி நிகழ்பட ஆட்டத்தின் எட்டாவது விரிவாக்கமான ஷேடோலேண்ட்ஸில் சொல்லப்பட்ட கதை ஆகும். ஆட்டத்தின் கற்பனை உலகில் இறந்தோர் எங்கே செல்கின்றனர், அவர்களுக்குத் தீர்ப்பு வழங்குவது யார், அத்தீர்ப்பு நின்றுபோனால் என்ன நேரும் என்பவை இக்கதையின் மையம். விற்பனையில் பெருவெற்றி பெற்ற இவ்விரிவாக்கம், கதை என்ற அளவில் அத்தொடரின் இரசிகர்களால் மிகுதியாகக் குறைகூறப்பட்ட ஒன்றாகவும் அமைந்தது. கதை நடந்துகொண்டிருந்த இரண்டாண்டுகளில் இரசிகர்கள் எண்ணற்ற ஊகங்களை முன்வைத்தனர். அவற்றுள் சில மெய்யாயின. பல, மெய்யாகியிருந்தால் கதை இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்ற எண்ணத்தை விட்டுச்சென்றன.

ஆட்டமும் வெளியீடும்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், அமெரிக்காவின் பிலிசார்ட் என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தால் 2004 நவம்பர் 23 அன்று வெளியிடப்பட்டது. மாதக் கட்டணம் செலுத்தி ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் ஒருசேர ஆடும் இவ்வாட்டத்திற்கு 2010 ஆம் ஆண்டில் 1 கோடியே 20 இலட்சம் சந்தாதாரர்கள் இருந்தனர். இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை என்ற அளவில் வெளியாகும் விரிவாக்கங்கள் புதிய நிலப்பகுதிகளையும் கதையையும் சேர்த்துவருகின்றன.

ஷேடோலேண்ட்ஸ் (நிழல்நிலங்கள்) 2019 நவம்பர் 1 அன்று கலிபோர்னியாவின் அனாகைமில் நடைபெற்ற பிலிஸ்கான் நிகழ்வில் அறிவிக்கப்பட்டது. 2020 அக்டோபர் 26 அன்று வெளியாகவிருந்த இது, பணிகள் முடிவடையாமையால் தள்ளிவைக்கப்பட்டு, ஆட்டத்தின் பதினாறாம் பிறந்தநாளான நவம்பர் 23 அன்று வெளிவந்தது. முதல் நாளிலேயே 37 இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றன. அதுவரை வெளியான கணினி ஆட்டங்களில் மிக விரைவாக விற்றது இதுவே என நிறுவனம் அறிவித்தது. கொரோனாப் பெருந்தொற்றால் உலகெங்கும் மக்கள் வீடடங்கியிருந்த காலம் அது. மரணச் செய்திகளுக்கு நடுவே மரணத்திற்குப் பிந்தைய உலகைப் பற்றிய ஓர் ஆட்டம் வந்தது தற்செயலே என்றாலும், பலர் இக்கதையை வெறும் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ளாமைக்கு அக்காலச் சூழலும் ஒரு காரணம் எனலாம்.

பின்னர் 2021 சூன் 29 அன்று 9.1 பதிப்பும், 2022 பிப்ரவரி 22 அன்று 9.2 பதிப்பும் வெளியாகிக் கதையை முடித்துவைத்தன. அடுத்த விரிவாக்கமான டிராகன்ஃபிளைட் 2022 நவம்பர் 28 அன்று வெளிவந்தது.

மறுமை உலகின் அமைப்பு

கதையின்படி, ஓர் உயிர் உடலை நீங்கியதும் கைரியன் என்னும் சிறகுடைய ஏவலர் அதனை ஓரிபோஸ் என்ற நடுநகருக்குக் கொண்டுசேர்ப்பர். அங்கே ஆர்பிட்டர் (நடுவர்) என்னும் மாபெரும் உருவம் அவ்வுயிரின் வாழ்க்கை முழுவதையும் நொடிப்பொழுதில் கண்டு, அதற்குரிய மறுமைக்கு அனுப்பிவைக்கும். மறுமை உலகங்கள் எண்ணற்றவை எனச் சொல்லப்பட்டாலும் ஆட்டத்தில் விரிவாகக் காட்டப்பட்டவை நான்கே. தொண்டுள்ளம் கொண்டோர் செல்லும் பாஸ்டியன், போர்க்குணம் கொண்டோர் செல்லும் மால்டிராக்சஸ், இயற்கையோடு பிணைந்தோர் செல்லும் ஆர்டன்வீல்ட், செருக்குற்றோர் தம் பிழைகளுக்குக் கழுவாய் தேடும் ரெவண்ட்ரெத் என்பன அவை. எவ்வகையாலும் திருந்தாத உயிர்கள் 'மோ' எனப்படும் பெருவாய்க்குள் தள்ளப்படும். அங்கிருந்து மீட்சி இல்லை. அதனை ஆள்பவர் சோவால் என்னும் ஜெயிலர். (2023 இல் வெளியான இரஜினிகாந்த் திரைப்படத்திற்கும் இவருக்கும் தொடர்பில்லை.)

இவ்வுலகங்கள் இயங்குவதற்கான எரிபொருள் அனிமா எனப்படும். உயிர்கள் தம் வாழ்நாளில் ஈட்டிய அனுபவமே அனிமாவாகிறது. பெரிய செயல்கள் செய்தோரிடம் அது மிகுதியாக இருக்கும். மறுமையில் ஓர் உயிர் மீண்டும் அழிந்தால் அது முற்றாக இல்லாமற்போகும். மறுபிறவி என்னும் கருத்து ஆர்டன்வீல்டில் உறங்கும் இயற்கைத் தெய்வங்கள் போன்ற சிலருக்கே பொருந்துகிறது.

கதை தொடங்கும்போது ஆர்பிட்டர் செயலற்றுக் கிடக்கிறது. ஆதலால் நல்லோர், தீயோர், குழந்தைகள் என்ற வேறுபாடின்றி இறந்தோர் அனைவரும் பெருவாய்க்குள் விழுகின்றனர். மற்ற நான்கு உலகங்களும் அனிமா வறட்சியால் வாடுகின்றன.

கதைச் சுருக்கம்

உயிருள்ளோர் உலகில் சில்வானஸ் விண்ட்ரன்னர் என்பவர் லிச் கிங்கின் மணிமுடியை உடைக்கிறார். வானம் பிளந்து மறுமைக்கான வழி திறக்கிறது. ஆண்டுயின் உள்ளிட்ட தலைவர்கள் பெருவாய்க்குக் கடத்தப்படுகின்றனர். அவர்களைத் தேடிச்செல்லும் ஆட்டக்காரர், பெருவாயிலிருந்து தப்பிய முதல் உயிராகிறார். நான்கு உலகத்தாரிடையே நிலவும் பூசல்களைத் தீர்க்கும்போது, ரெவண்ட்ரெத்தின் அரசர் டெனாத்ரியஸ் அனிமாவைத் திருடிச் சோவாலுக்கு அனுப்பிவந்தது தெரியவருகிறது.

சோவால் ஒருகாலத்தில் தாமே நடுவராக இருந்தவர். மறுமையின் அமைப்பை மாற்ற முயன்றமைக்காக உடன்பிறப்புகளால் பதவி பறிக்கப்பட்டு, பெருவாயில் அடைக்கப்பட்டவர். ஆர்கஸ் என்னும் டைட்டனின் ஆன்மாவைக் கொண்டு புதிய நடுவரைத் தாக்கிச் செயலிழக்கச் செய்தவரும் அவரே. 9.1 பதிப்பின் இறுதியில் அவர் தாம் இழந்த ஆற்றலைப் பெறுகிறார். தம்மை ஏமாற்றி அனைவரையும் அடிமையாக்கவே அவர் முனைகிறார் என்று அப்போதுதான் உணரும் சில்வானஸ் அவரை எதிர்க்கிறார். 9.2 பதிப்பில், மறுமையையே வடிவமைத்த ஆதியோரின் பட்டறையான சீரெத் மோர்டிஸில் சோவால் வீழ்த்தப்படுகிறார். இறக்கும்போது, பிளவுபட்ட பேரண்டம் இனி வரவிருப்பதைத் தாங்காது என்ற பொருள்பட எச்சரித்துவிட்டு மறைகிறார். பெலகோஸ் என்னும் கைரியன் புதிய நடுவராகிறார். சில்வானஸுக்குத் தீர்ப்பளிக்கும் பொறுப்பு அவரால் தம் மக்களை இழந்த டைராண்டேயிடம் வருகிறது. பெருவாய்க்குள் சிக்கிய ஒவ்வோர் உயிரையும் தேடி மீட்கும்வரை சில்வானஸ் அங்கேயே உழல வேண்டும் என்று டைராண்டே தீர்ப்பளிக்கிறார்.

இரசிகர்களின் ஊகங்கள்

அறிவிப்பு வந்த நாளிலிருந்தே ஊகங்கள் தொடங்கின. சோவாலின் மார்பில் ஒரு பள்ளம் இருந்தது. ஆர்பிட்டரின் மார்பில் ஒளிரும் பகுதியோடு இதனை ஒப்பிட்ட பலர், சோவாலே முன்னாள் நடுவர் என்று ஊகித்தனர். பின்னர் இது கதையிலேயே உறுதிப்பட்டது. இவ்வளவு எளிதாக ஊகிக்க முடிந்ததைச் சிலர் எழுத்தாளரின் நேர்மை என்றனர், சிலர் கற்பனை வறட்சி என்றனர்.

சில்வானஸ் தொடக்கம் முதலே சோவாலை ஏமாற்றிவருகிறார் என்பது இன்னொரு பரவலான ஊகம். 2018 இல் வெளியான முந்தைய விரிவாக்கத்தில் அவர் டெல்டிராசில் என்னும் பெருமரத்தை அதில் வாழ்ந்த மக்களோடு எரித்தார். அத்தகைய கொடுஞ்செயலுக்குப் பின்னால் யாரும் அறியாத பெருந்திட்டம் ஒன்று இருந்தே தீரவேண்டும் என்று அவருடைய இரசிகர்கள் நம்பினர். உண்மையில் கதை வேறொரு வழியைத் தேர்ந்தது. புரோஸ்ட்மோர்ன் என்னும் வாளால் கொல்லப்பட்டபோது சில்வானஸின் ஆன்மா இரண்டாகப் பிளந்தது, நல்ல பாதி வாளுக்குள் சிக்கியிருந்தது, அதனைத் திரும்பப் பெற்றதும் அவர் மனம் வருந்தினார் என்று கதை சொன்னது. பெருந்திட்டத்தை எதிர்பார்த்தோருக்கும் கடுந்தண்டனையை எதிர்பார்த்தோருக்கும் இது ஒருசேர ஏமாற்றமளித்தது. கிறிஸ்டி கோல்டன் எழுதி 2022 மார்ச்சில் வெளியான 'சில்வானஸ்' புதினம் அவரது மனப்போக்கை விரிவாக விளக்கியது. ஆயினும், ஆட்டத்தில் விளங்காத ஒன்றைத் தனியே விலை கொடுத்து வாங்கிய நூலில் தேடவேண்டியுள்ளதே என்ற புதிய குறை அதனால் பிறந்தது.

டெனாத்ரியஸ் முற்றாக அழிக்கப்படாமல் ஒரு வாளுக்குள் சிறைவைக்கப்பட்டதால், உண்மையான சூழ்ச்சியாளர் அவரே, சோவால் வெறும் கருவி என்று கருதுவோர் உளர். அவர் படைத்த நாத்ரெசிம் என்னும் ஒற்றர்கள் ஏனைய ஆற்றல்களின் முகாம்களுக்குள்ளும் ஊடுருவியுள்ளனர் என்பதற்கான குறிப்புகள் கதையிலேயே இருப்பது இவ்வூகத்திற்கு வலுச்சேர்க்கிறது. சோவால் கெட்டவராயினும் அவர் அஞ்சியது மெய்யே என்போர் மற்றொரு சாரார். ஆதியோர் படைத்த இயந்திரத்தில் தொடக்கத்திலேயே பிழை இருந்தது என்றும், அதனைக் கண்டு சொன்னவரைச் சிறையிட்டதே முதற்குற்றம் என்றும் இவர்கள் வாதிடுகின்றனர். கட்டுரைப்பொருளில் இதுவே மிகச் சுவையான ஊகம். ஏனெனில் சோவாலின் உடன்பிறப்புகள் அவரிடம் என்ன கேட்டனர், அவர் என்ன விடை சொன்னார் என்பதைக் கதை எங்கும் முழுமையாகக் காட்டவில்லை.

ஒளியின் மறுமை பற்றிய கேள்வி தனித்துக் குறிப்பிடத்தக்கது. 2008 இல் வெளியான விரிவாக்கத்தில் பிரைடன்பிராட் என்னும் வீரரைப் பற்றிய ஒரு பணித்தொடர் உண்டு. 2007 இல் புற்றுநோயால் காலமான ஒருவரின் நினைவாக அவருக்கு நெருங்கியோர் பணியாற்றிய நிறுவனம் அதனை உருவாக்கியது. நோயிலிருந்து அவரைக் காப்பாற்ற ஆட்டக்காரர் எங்கெங்கோ சென்று உதவி கேட்பார். யாராலும் இயலாது. முடிவில் நாரு என்னும் ஒளியுருக்கள் வந்து அவரது உயிரைத் தம்மோடு அழைத்துச்செல்லும். மெய்யான ஒரு மரணத்துக்கு ஆறுதலாக எழுதப்பட்ட அக்காட்சி, உயிர்கள் அனைத்தும் ஓரிபோஸுக்கே செல்லும் என்ற புதிய விதியோடு எங்ஙனம் பொருந்தும்? நடுவரின் ஆணைக்கு உட்படாத மறுமைகளும் உண்டு என்று கொண்டால் பொருந்தும் என்பது இரசிகர்களின் விடை.

மனக்குறைகள்

முதன்மையான மனக்குறை, பழைய கதைகள் மாற்றி எழுதப்பட்டமை பற்றியது. 2002 இல் வெளியான மூன்றாம் வார்கிராஃப்ட் ஆட்டத்திலும் அதன் தொடர்ச்சியிலும் புரோஸ்ட்மோர்ன் வாளும் லிச் கிங்கின் மணிமுடியும் கில்ஜேடன் என்னும் அரக்கத் தலைவரின் சூழ்ச்சியோடு பிணைந்தவை. ஷேடோலேண்ட்ஸ் அவற்றைச் சோவாலின் ஆணைப்படி வடிக்கப்பட்டவையாக ஆக்கியது. நாத்ரெசிம், சில்வானஸின் முன்செயல்கள், ஆர்கஸ் என ஏறக்குறைய இருபதாண்டுக் கதை முழுவதும் அதுவரை பெயர்கூடக் கேள்விப்படாத ஒருவரின் திட்டமாயிற்று. ஆர்த்தஸ் என்னும் இளவரசர் தம் செருக்காலும் மக்கள்மீது கொண்ட பற்றாலும் படிப்படியாகக் கெட்டழிந்த கதையே அத்தொடரின் ஆகச்சிறந்த பகுதி எனப் பலரும் கருதுவர். அவ்வீழ்ச்சிக்கும் பின்னால் வேறொருவர் கயிறிழுத்தார் என்றால், அது ஒருவரின் சொந்த வீழ்ச்சியாக நிற்பதில்லை என்பதே இக்குறையின் சாரம்.

அந்த ஆர்த்தஸுக்கு மறுமைக் கதையில் கிடைத்த இடமும் வருத்தமளித்தது. மறுமை என்றதும் இரசிகர்கள் முதலில் எதிர்பார்த்தது அவரையே. அவரது ஆன்மாவைப் பெருவாய்க்குள் தள்ளியவர் அவருடைய ஆசானான ஊதரே என்று 2020 இல் வெளியான குறும்படம் ஒன்று காட்டியபோது எதிர்பார்ப்பு மேலும் கூடியது. ஆனால் 9.2 பதிப்பில் அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. எஞ்சியிருந்த சிறு ஒளித்துணுக்கு, அவரை அறிந்த மூவரின் முன்னே கலைந்து மறைந்தது. இம்முடிவைப் பொருத்தமானது என ஏற்போரும் உளர். அத்தனை உயிர்களை விழுங்கியவரிடம் முடிவில் விழுங்கத்தக்கது ஏதுமில்லை என்ற அளவில் அதற்கொரு நியாயம் உண்டு. ஆயினும் காட்சி மிக விரைவாக முடிந்ததை அவர்களும் மறுப்பதில்லை.

டெல்டிராசிலில் எரிந்த மக்களைப் பற்றிய பகுதி இதனினும் கடுமையான எதிர்ப்பைச் சந்தித்தது. ஆர்பிட்டர் செயலிழந்திருந்ததால் அம்மக்கள் அனைவரும் குற்றமின்றிப் பெருவாயில் வீழ்ந்தனர். அவர்கள் வணங்கிய எலூன் என்னும் நிலாத்தெய்வம் இதைத் தடுக்காதது ஏன் என்ற கேள்விக்கு 9.1 பதிப்பு விடை தந்தது. எலூனும் ஆர்டன்வீல்டின் பனிக்கால அரசியும் உடன்பிறந்தோர். அனிமா இன்றி வாடும் சகோதரிக்கு அவ்வுயிர்கள் சென்றுசேரும் என்று எண்ணியே எலூன் வாளாவிருந்தார் என்பது அவ்விடை. தெய்வம் பேசாமல் இருந்தவரை அதன் மௌனத்தைத் துயரமாக ஏற்ற இரசிகர்கள், அது வாய்திறந்து விளக்கம் சொன்னபோது சினந்தனர். அடியவர்களின் சாவைக் கணக்குப் பார்த்து அனுமதித்த தெய்வத்தை எப்படித் தொடர்ந்து வணங்குவது என்ற கேள்வி, கற்பனைப் பாத்திரங்களைத் தாண்டியது.

பாஸ்டியனின் நடைமுறையும் விவாதத்திற்குள்ளானது. அங்கே பணிபுரிய விரும்பும் உயிர்கள் தம் முற்பிறப்பு நினைவுகளைக் களைய வேண்டும். இதனை எதிர்த்து டீவோஸ் என்பவர் தலைமையில் ஒரு கூட்டம் கிளர்ந்தெழுந்தது. கேள்வி நியாயமானது, கேட்டவர்கள் வில்லன்களாக்கப்பட்டனர் என்பது இரசிகர்களின் குறை. பின்னர் கைரியன் தலைவி தம் விதியைத் தளர்த்தினாலும், கிளர்ச்சியாளர்கள் சொன்னதையே ஏற்றதாக அவர் ஒப்புக்கொள்ளும் அழுத்தமான காட்சி இல்லை.

கதைக்கு வெளியேயும் சிக்கல்கள் இருந்தன. நான்கு உலகத்தாருள் ஒருவரைத் தேர்ந்தபின் மாறுவது கடினம், பெருவாயில் நாள்தோறும் செய்யவேண்டிய சலிப்பூட்டும் பணிகள், புதிய உள்ளடக்கம் வர ஏழு மாதம் காத்திருந்தமை என்பன அவற்றுட் சில. 2021 சூலை 20 அன்று கலிபோர்னிய அரசின் துறை ஒன்று, பணியிடத்தில் பாலினப் பாகுபாடும் துன்புறுத்தலும் நிலவியதாகக் கூறி ஆக்டிவிசன் பிலிசார்ட் மீது வழக்குத் தொடுத்தது. 2023 டிசம்பரில் அது உடன்பாட்டில் முடிந்தது. 2021 கோடையில் கணிசமானோர் போட்டி ஆட்டமான ஃபைனல் ஃபேன்டசி 14 க்கு இடம்பெயர்ந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் அதன் எண்ட்வாக்கர் விரிவாக்கம் வெளியானபோது வழங்கிகள் நெரிசலைத் தாங்காமல் விற்பனையையே சிலகாலம் நிறுத்திவைக்க நேர்ந்தது. அதுவும் சாவையும் துயரையும் பற்றிய கதையே. ஆனால் பல ஆண்டுகளாக விதைத்த கேள்விகளுக்கு அது விடை சொன்னதாகப் பாராட்டப்பட்டது.

காஞ்சிபுரத்து மரபுடன் ஒப்பீடு

ஆர்பிட்டரைப் பற்றி வாசிக்கும் தமிழருக்குச் சித்திரகுப்தர் நினைவுக்கு வருவது இயல்பு. அவரை மூலவராகக் கொண்ட அரிய கோவில்களுள் ஒன்று காஞ்சிபுரம் நெல்லுக்காரத் தெருவில் உள்ளது. அங்கே அவர் அமர்ந்த கோலத்தில், வலக்கையில் எழுத்தாணியும் இடக்கையில் ஏடும் கொண்டு காட்சியளிக்கிறார். உமையம்மை பொற்பலகையில் தீட்டிய சித்திரத்திலிருந்து தோன்றியவர் என்றும், பின்னர் பசுவின் வயிற்றில் பிறந்தவர் என்றும் புராணம் கூறும். அதனால் சித்திரைப் பௌர்ணமியன்று நோன்பிருப்போர் பசும்பாலும் தயிரும் தவிர்ப்பர். கோவிலுக்கு நோட்டும் பேனாவும் கொண்டுவந்து வைப்போரும் உண்டு. ஊர்க்கணக்கு எழுதிவந்த கருணீகர் குலத்தார் இவரைத் தம் முன்னோராகக் கொள்வர். தென்மாவட்டங்களில் அதே நாளில் சித்திரபுத்திர நயினார் கதை வாசிக்கும் வழக்கம் இருந்துவருகிறது.

இரு அமைப்புகளுக்கும் உள்ள வேறுபாடு கவனிக்கத்தக்கது. தமிழ் மரபில் எழுதுபவர் சித்திரகுப்தர், தீர்ப்பவர் எமன். கணக்கு தனியே ஏட்டில் நிற்கிறது. ஆட்டத்திலோ பார்ப்பதும் தீர்ப்பதும் அனுப்புவதும் ஒரே உருவம். ஏடு எதுவும் இல்லை. ஆகவே ஆர்பிட்டர் செயலிழந்தபின், பெருவாயில் விழுந்தோருள் யார் எங்கே சென்றிருக்க வேண்டும் என்று எவராலும் சொல்ல இயலவில்லை. கணினித்துறையில் இதனை ஒற்றைப் பழுதுமுனை என்பர். மாற்று வழங்கியும் காப்புப்படியும் இல்லாத ஓர் அமைப்பை எல்லாம் வல்ல ஆதியோர் எப்படி வடிவமைத்தனர் என்பது இரசிகர்கள் பாதி நகைப்பாகவும் பாதி மெய்யாகவும் கேட்ட கேள்வி.

மரணத்தின் அலுவலகம் நின்றுபோனால் என்ன ஆகும் என்ற கேள்வியும் தமிழ் மரபுக்குப் புதிதன்று. திருக்கடையூர்த் தலபுராணத்தின்படி, மார்க்கண்டேயரைக் காக்கச் சிவபெருமான் எமனை உதைத்து வீழ்த்தியபின் உலகில் சாவே இல்லாமற்போயிற்று. பாரம் தாங்காத நிலமகள் முறையிட, எமன் மீண்டும் உயிர்ப்பிக்கப்பட்டார். அங்கே இடையூற்றைத் தோற்றுவித்தது அருள், ஆட்டத்தில் அதனைத் தோற்றுவித்தது சூழ்ச்சி. எனினும் சரிசெய்தவர் யார் என்பதில்தான் பெரிய வேறுபாடு உள்ளது. புராணத்தில் பாதிக்கப்பட்ட நிலமகள் வாய்திறந்து கேட்கிறாள். ஆட்டத்தில் பெருவாய்க்குள் விழுந்த எண்ணற்ற எளிய உயிர்களின் குரல் மிகச் சில காட்சிகளிலேயே கேட்கிறது.

நினைவைக் களைதல் பற்றிய பாஸ்டியன் வாதத்திற்கும் காஞ்சியில் ஓர் எதிர்நிலை உண்டு. மணிமேகலைக் காப்பியத்தில், மணிபல்லவத் தீவிலுள்ள புத்த பீடிகையைக் கண்டு மணிமேகலை தன் பழம்பிறப்பை உணர்கிறாள். அந்நினைவு அவளது துறவுக்குத் தடையாகாமல் துணையாகிறது. காப்பியத்தின் முடிவில் அவள் காஞ்சியில் அறவண அடிகளிடம் அறங்கேட்டு நோன்பு மேற்கொள்கிறாள். நினைவோடு இருந்தும் பற்றறுக்கலாம் என்னும் இவ்வழியைத்தான் கிளர்ச்சி செய்த கைரியன்களும் வேண்டினர் எனலாம். காஞ்சி, முத்தி தரும் ஏழு நகரங்களுள் ஒன்றாகவும் எண்ணப்படுவது.

கதையை மாற்றி எழுதியதைப் பற்றிய குறைக்கு உவமை தேடுவோர் காஞ்சிபுரத்துத் தறிகளைப் பார்க்கலாம். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாயினும், ஒவ்வோர் ஊடையிலும் இரண்டும் கோத்தே நெய்யப்படுகின்றன. அவ்வேலைக்குத் தறியில் இருவர் அமர்வதும் உண்டு. நெய்து முடித்த சேலைக்குப் பின்னாளில் வேறு கரையைக் கோக்க இயலாது, தைத்து ஒட்டத்தான் இயலும். சோவால் பழைய கதைகளின் மீது தைக்கப்பட்ட கரை.

வாசகரின் ஏமாற்றம் ஆட்டங்களுக்கு மட்டும் உரியதன்று. கல்கி பொன்னியின் செல்வனை 1950களில் தொடராக எழுதி முடித்தபோது, பாத்திரங்களுக்குப் பின்னர் என்ன ஆயிற்று எனக் கேட்டும் திடுமென முடித்ததைக் குறைகூறியும் வாசகர்கள் எழுதினர். அவர் தனியே முடிவுரை எழுதி அவர்களுக்கு விடை சொன்னார். காஞ்சியைக் களமாகக் கொண்ட அவருடைய சிவகாமியின் சபதத்தில், சிவகாமி ஏகாம்பரநாதருக்கே தன்னை ஒப்புக்கொடுக்கும் முடிவை ஏற்க மனமில்லாத வாசகர்கள் இன்றும் உளர்.

பிற்கால நிலை

டிராகன்ஃபிளைட் விரிவாக்கம் மறுமைக் கதையைப் பெரும்பாலும் தொடவில்லை. சில்வானஸ் அதில் பங்கேற்கவில்லை. வார்கிராஃப்ட் கதையின் தொடக்ககால எழுத்தாளர்களுள் ஒருவரான கிறிஸ் மெட்சன் 2022 டிசம்பரில் ஆலோசகராகத் திரும்பி, 2023 இல் அத்தொடரின் படைப்புப் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டு நவம்பர் 3 அன்று, மூன்று விரிவாக்கங்களில் தொடரும் உலக ஆன்மாக் கதை அறிவிக்கப்பட்டது. அதன் முதற்பகுதி 2024 ஆகஸ்டு 26 அன்று வெளிவந்தது. சோவாலுக்கு அடிமைப்பட்டிருந்த காலத்தில் தாம் செய்தவற்றை மறக்க இயலாமல் தவிக்கும் ஆண்டுயின் அதில் முதன்மைப் பாத்திரமாகத் திரும்பினார். ஷேடோலேண்ட்ஸைக் கடுமையாகக் குறைகூறிய இரசிகர்களுள் பலரும் அப்பகுதியை நன்று எனப் பாராட்டினர். பெருவாயிலிருந்து சில்வானஸ் இதுவரை எத்தனை உயிர்களை மீட்டார் என்பது ஆட்டத்தில் எங்கும் கூறப்படவில்லை.